படத்தில் மறைத்த சாய்வு நாற்காலி

பின்பக்க அறை இனி எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். உறுதியான முடிவு. என் மனைவிக்கு மட்டும் அது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்குப் பெயர் முடிவு இல்லை, விண்ணப்பம்.

எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் இருந்த ஒரே இடம் அந்த அறைதான். உடைந்த மின்விசிறி, கால் போன கட்டில், யாரும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் பல வருடமாக அங்கே குடியிருந்தன. ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து அத்தனையையும் வெளியேற்றினோம். தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் நல்ல வெளிச்சம், நல்ல காற்று, நல்ல அமைதி. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேர் மனதிலும் ஒரே ஆசை வந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்குள் அவ்வளவு மனப்பொருத்தம் ஏற்பட்டது அன்றுதான்.

அவளுக்கு அந்த அறை எதற்கு என்றால், அவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல்லை வரிசையாக நட்டு, ராவி, மெருகேற்றிக் கொடுப்பாள். வெளியில் நல்ல பெயர். எங்கள் பகுதியில் பாதிப் பேர் அவள் தயவில்தான் சிரிக்கிறார்கள். ஆனால் இத்தனை வேலையும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். நான் தட்டை வைத்து உட்கார்ந்தால் எதிரே ஆறேழு வாய்கள் இளித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை தண்ணீர் என்று நினைத்து டம்ளரை எடுத்துவிட்டேன். உள்ளே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் கீழ்வரிசை ஊறிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த அறை எதற்கு என்றால், தூங்குவதற்கு. இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் ஆபீஸ் ரூம் வேண்டும் என்றேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில், மீட்டிங் நடுவில் பல் ராவும் சத்தம் கேட்கிறது, என் மேலதிகாரி அவர் பாட்டுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

"சரி, எது எது எங்க வரும்னு ஒரு படம் போட்டுக் காட்டுங்க. பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

படம் போடுவதில் நான் புலி. உத்தியோகமே அதுதான். எங்கள் கம்பெனியில் எல்லோரும் கணினியில் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே முடியாமல் நிற்கிறது என்று வரைந்துகொண்டே இருப்பார்கள். அந்த வரைபடக் கோப்புகளைக் கம்பெனியின் இணையதளத்தில் வைத்து, யார் தொட்டாலும் ஒழுங்காகத் திறக்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அன்று மாலையே உட்கார்ந்து வரைந்தேன். அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல அடுக்கடுக்காக வரையலாம். வேண்டாத அடுக்கை மறைத்துவிடலாம். மேல் அடுக்கில் கணினி மேசை, கோப்பு அலமாரி, அகராதிகள் வைக்க ஒரு நீளமான தட்டு. பார்த்தால் ஒரு துறவி வேலை பார்க்கும் இடம் மாதிரி இருந்தது. கீழ் அடுக்கில்தான் என் உள்ளம் இருந்தது. 'சாய்வு நாற்காலி, காலை நீட்டும் வகை' என்று ஒரு கட்டம். 'டிவி' என்று ஒரு கட்டம். 'சின்ன ஃப்ரிட்ஜ்' என்று இன்னொன்று. வீட்டுக்குள்ளே மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து இருக்கிறது. அங்கே ஒரு கட்டம் போட்டு, 'பல் சாமான்கள். இருட்டுதான், பரவாயில்லை' என்று எழுதினேன். பிறகு இந்த அடுக்கை மறைத்தேன். மனைவிக்கு மேல் அடுக்கு. தச்சருக்குக் கீழ் அடுக்கு. இதுதான் திட்டம்.

ஆனால் மேல் அடுக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்தது. அந்த அகராதித் தட்டின் நீள அகலம் ஒரு மனிதன் மல்லாந்து படுக்கிற அளவுக்கு இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அகராதி. அதுவும் நடுவில் சில எழுத்துகள் இல்லாதது. இவள் படத்தைப் பார்த்தால் கேள்வி கேட்பாள். இவள் கேள்வி கேட்டால் நான் பதில் சொல்வேன். நான் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வேன். ஆகவே படம் அவள் கண்ணிலேயே படக்கூடாது. ஆனால் அனுப்பவில்லை என்ற பெயரும் வரக்கூடாது. இந்த இடத்தில்தான் என் தொழில் அறிவு கைகொடுத்தது. கைகொடுத்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

உங்கள் போன் ஒரு கோப்பைக் கேட்கும்போது, கொடுக்கிற கணினி வெறும் கோப்பை மட்டும் கொடுக்காது. முன்னால் ஒரு சீட்டும் ஒட்டிக் கொடுக்கும். இது புகைப்படம், இது பாட்டு, இது வரைபடம் என்று அந்தச் சீட்டு சொல்லும். இதற்கு மைம் டைப் என்று பெயர். போன் பெரும்பாலும் சீட்டைத்தான் நம்பும். வரைபடம் என்று சீட்டு இருந்தால் வரைபடமாகத் திறக்கும். 'என்னவோ ஒரு சாமான்' என்கிற மாதிரி ஒரு பொதுச் சீட்டு இருக்கிறது. அதை ஒட்டினால் போன் கோப்பை வாங்கி ஒரு மூலையில் போட்டுவிட்டு முழிக்கும். 'வெறும் எழுத்து' என்று ஒட்டினால் இன்னும் வேடிக்கை. கட்டம், கோடு எதுவும் வராது. அந்தப் படத்தைக் கணினி எந்தக் குறிகளில் எழுதி வைத்திருக்கிறதோ அதை அப்படியே திரை முழுக்கக் கொட்டும். கோப்பு ஒன்றுதான், சீட்டுதான் வேறு. அதைச் சரியாக ஒட்டுவதற்கு எனக்குச் சம்பளம். தப்பாக ஒட்டியது குடும்பத்துக்காக நான் செய்த இலவச சேவை.

கல்யாணமான புதிதில் இதை அவளிடம் ஒருமுறை சொல்ல ஆரம்பித்தேன். மைம் என்றால் வாயையே திறக்காமல் நடிப்பதுதானே என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அந்த வகை நான்தான் என்பதால் மேற்கொண்டு விளக்கவில்லை.

வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது. குடும்பப் புகைப்படம், ரசீது எல்லாம் அதில் போட்டு வைத்து, எங்கள் போனில் திறக்கிற மாதிரி செய்திருந்தேன். வரைபடத்தை அதில் வைத்து, 'என்னவோ ஒரு சாமான்' சீட்டை ஒட்டி, லிங்க்கை அவளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மேசையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, தொட்டா ஒண்ணுமே வரலையே."

"நெட் மெதுவா இருக்கும்."

"இல்ல, என்னவோ இறங்கிச்சு. எதுல தொறக்கணும்னு எங்கிட்டயே கேக்குது."

"நீ என்ன சொன்னே?"

"அதுக்கே தெரியாதது எனக்கு எப்படிங்க தெரியும்?"

அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பல்லோடு பழகியவள் பிடித்தால் விடுவாளா? மறுநாள் காலையிலும் கேட்டாள். மாலையிலும் கேட்டாள். சரி, இவளுக்கு அடுத்த மருந்துதான் என்று சீட்டைக் கிழித்துவிட்டு 'வெறும் எழுத்து' என்று ஒட்டினேன். இந்த முறை தொட்டதும் திறந்தது. திரை பூராவும் கொக்கியும் கோடும் எண்ணும் வழிந்தன.

"இது என்ன பாஷைங்க?"

"படத்தோட பாஷை."

"படம் இப்படியா பேசும்?"

"இது டெக்னிக்கல் சமாச்சாரம்மா. இதைப் படிச்சு கண்ணைக் கெடுத்துக்காதே."

அப்போது அவள் ஊற்றி வைத்த பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது. அது இறுகும் வரை அவளுக்கு வேறு வேலை இல்லை. கட்டை விரலால் திரையை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு மறுபடி தள்ளினாள். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியலைங்க. நீங்களே பாத்து செஞ்சிடுங்க" என்றாள்.

நான் முகத்தை சோகமாக வைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, சத்தம் வராமல் ஒரு ஆட்டம் போட்டேன். பிறகு சூட்டோடு சூடாகக் கோப்பைத் திறந்து மேல் அடுக்கை அழித்தேன். கீழ் அடுக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். 'வரைபடம்' என்ற சரியான சீட்டை ஒட்டினேன். இனி தச்சர் வந்தால் லிங்க்கை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் அவள் கையில் இரண்டு காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காருவது அபூர்வம். காபியோடு உட்காருவது அதைவிட அபூர்வம்.

"அந்தச் சீட்டு ஒட்டுற வேலைன்னு முன்னாடி ஒரு தடவை சொன்னீங்களே, அது என்னன்னு சொல்லுங்களேன். நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு யாராவது கேட்டா எனக்கு சொல்லத் தெரியலை."

என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. என்னைப் பெற்ற அம்மாவே, 'கம்ப்யூட்டர்ல என்னவோ பண்றான்' என்று சொல்லிப் பேச்சை மாற்றுவாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொன்னேன். காபி ஆறும் வரை சொன்னேன். எந்தச் சீட்டுக்கு எது திறக்கும், அடுக்கை மறைத்தால் எது தெரியும் எது தெரியாது, கோப்பு எங்கே இருக்கிறது, வரைபடமாகத் திறந்தால் எந்தக் கட்டத்தை எத்தனை தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் எழுத்தை மாற்றலாம், எப்படிச் சேமிக்கலாம் எல்லாம் சொன்னேன். நல்ல மாணவி. சரியான இடத்தில் தலையாட்டினாள். சரியான இடத்தில் 'அடேயப்பா' சொன்னாள். அந்தப் பழைய கணினியின் கடவுச்சொல்லையும் சொல்லி, அது அவளுடைய பிறந்தநாள் என்பதைக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

"என் மேல இவ்வளவு பாசமா?" என்றாள்.

அவள் கண் கலங்கியது போல இருந்தது. எனக்கும் கலங்கியது. பிளாஸ்டர் தூசியாகக்கூட இருக்கலாம்.

தச்சர் வந்தார். இவரை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அளவில் அவ்வளவு கறார். நாற்காலியில் உட்காரச் சொன்னால்கூட அகலம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அவரை வாசல் பக்கம் தனியாக அழைத்துப் போய் லிங்க்கை அனுப்பினேன். அவர் போனில் சட்டென்று திறந்தது. என் சீட்டு அல்லவா? நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டிய சீட்டைத் திரும்பப் பார்ப்பது என் பரம்பரையிலேயே கிடையாது.

"மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க சார். மரத்தை அறுத்துட்டா அப்புறம் ஒட்ட வைக்க முடியாது" என்றார்.

"படத்துல என்ன இருக்கோ அது அப்படியே வரணும்" என்றேன்.

"மேடம் வந்து மாத்தச் சொன்னா?"

"மாத்தக்கூடாது."

"நீங்களே வந்து சொன்னா?"

இந்தக் கேள்வி என் அனுபவத்தைக் கிளறியது. அவள் என்னை விட்டே சொல்லச் சொல்வாள். அப்படி எத்தனை விஷயத்தை நானே போய் மாற்றிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை என்னையே நான் நம்புவதாக இல்லை.

"நானே வந்து சொன்னாலும் மாத்தாதீங்க. கெஞ்சினாலும் மாத்தாதீங்க. அழுதாலும் மாத்தாதீங்க."

மில்லிமீட்டர் முகம் மலர்ந்தது. இத்தனை வருட சர்வீஸில் இப்படி ஒரு தெளிவான ஆளைப் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேலை நடந்த நாட்களில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மில்லிமீட்டர் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு, முடியும் வரை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். உள்ளேயிருந்து ரம்பச் சத்தம் வரும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே நீண்டுகொண்டன. மனைவியைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தச்சருக்கு வேளாவேளைக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு அடியில் உட்காரப் போகிறவள் ஆயிற்றே என்று மனசு கேட்காமல், ஒரு மேசை விளக்கு வாங்கி வந்து கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல விளக்குங்க. இருட்டுல உக்கார்றவங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றாள்.

இப்படிப்பட்ட மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது சரிதான். காரணம்தான் வேறு.

வேலை முடிந்த அன்று ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, வழியில் ஒரு புதுத் தலையணையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விரிப்பை எடுத்திருந்தார்கள். தலையணையை அணைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாய்வு நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில், ஜன்னல் வெளிச்சம் விழும்படியாக ஒரு நீளமான மேசை. அதன்மேல் ராவும் மோட்டார். ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் பல் செட்டை வேக வைக்கும் பாத்திரத்துக்கு ஒரு மேடை. டிவி இருக்க வேண்டிய சுவரில் கண்ணாடி அலமாரி. அதில் தட்டுத் தட்டாக அச்சுகள். அத்தனை வாயும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தன.

மில்லிமீட்டர் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"படத்துல உள்ளது சார். அப்படியே."

போனைக் காட்டினார். என் படம்தான். என் கட்டங்கள்தான். நீளம், அகலம் எதுவும் மாறவில்லை. உள்ளே இருந்த எழுத்துதான் மாறியிருந்தது. சாய்வு நாற்காலி 'ராவும் மேசை' ஆகியிருந்தது. டிவி 'அச்சு அலமாரி' ஆகியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் இருந்த கட்டத்தில் 'பல் சாமான்கள்' என்பதை எடுத்துவிட்டு 'அவர்' என்று போட்டிருந்தாள். 'இருட்டுதான், பரவாயில்லை' என்பதில் கையே வைக்கவில்லை.

"இதை மாத்துங்க" என்றேன்.

"முடியாது சார்."

"நான்தானே சொல்றேன்?"

"நீங்க வந்து சொல்வீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"அதுவும் சொன்னீங்க. அடுத்து அழுவீங்க சார். அதுக்கும் ஒத்துக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

என்மேல் இவ்வளவு விசுவாசமாக இதுவரை யாரும் நடந்துகொண்டதில்லை. அழுகை வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அதற்குள் மனைவி வந்தாள். கையெல்லாம் பிளாஸ்டர். தலையணையைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று நான்தான் கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, அன்று நான் அனுப்பிய அந்த எழுத்துக் குவியலின் நகலைத் திறந்தாள்.

"கொக்கி, கொக்கி, நம்பர், நம்பர். அதெல்லாம் எனக்குப் புரியலை. நடுவுல இது மட்டும் புரிஞ்சுது. 'சாய்வு நாற்காலி, காலை நீட்டும் வகை.' கொஞ்சம் தள்ளினா 'சின்ன ஃப்ரிட்ஜ்.' இன்னும் தள்ளினா 'பல் சாமான்கள். இருட்டுதான், பரவாயில்லை.'"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுக்கை மறைத்தால் படத்தில்தான் மறையும். எழுத்தில் மறைவது ஏது? 'இந்த அடுக்கைக் காட்டாதே' என்று ஓரமாக ஒரு குறி இருக்கும். அதற்குக் கீழே மறைத்ததெல்லாம் வரிசையாகக் கிடக்கும், நல்ல தமிழில். நாள் முழுக்க அந்தக் கோப்புகளோடு குடும்பம் நடத்துகிற எனக்கு அது தெரியாதா? தெரியும். படிக்கிற அளவுக்கு ஒருத்திக்குப் பொறுமை இருக்கும் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

"ஒழுங்கா படமாவே அனுப்பியிருந்தீங்கன்னா, மேசையும் அலமாரியும்தான் தெரிஞ்சிருக்கும். சரின்னு விட்டுக் குடுத்திருப்பேன்" என்றாள். "இருட்டுன்னு தெரிஞ்சே பரவாயில்லைன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. நாளெல்லாம் குனிந்து பல் ராவுகிறவளுக்கு வெளிச்சம் வேண்டாமா என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. தப்புதான் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் உடனே மன்னித்தாள். மன்னித்த கையோடு ஒரு வேலையும் கொடுத்தாள்.

"புது இடம் எப்படி இருக்குன்னு எல்லா டாக்டருக்கும் அந்தப் படத்தை அனுப்பணும். தொட்டவுடனே தொறக்கிற மாதிரி சரியான சீட்டு ஒட்டிக் குடுங்க."

மாடிப்படிக்கு அடியில் மில்லிமீட்டர் எனக்காகச் செய்திருந்த பலகையில் குனிந்து உட்கார்ந்து, என் தொழில் திறமை அத்தனையும் காட்டிச் சீட்டு ஒட்டினேன். ஒரு டாக்டருக்குக்கூடத் தகராறு செய்யவில்லை. தொட்டவுடன் திறந்ததாம், தெளிவாக இருந்ததாம், எல்லோரும் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். மாடிப்படிக்கு அடியில் 'அவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது என்ன மெஷின் என்று.

"பழைய மாடல் டாக்டர், பெரும்பாலும் ஸ்லீப் மோட்லதான் இருக்கும்" என்று என் மனைவி பதில் அனுப்பியிருந்தாள்.